தையல் பிரியாது, எழுந்து நடக்க விடுங்கள்

‘அசையாம படுங்க ஆச்சி, தையல் பிரிஞ்சிரும்.’

மும்பையில் எந்த அறுவை சிகிச்சை வார்டுக்குள் போனாலும், அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. காட்கோபர் கிழக்கில் ராஜாவாடி மாநகராட்சி மருத்துவமனைக்குக் காமராஜ் நகரிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் லட்சக்கணக்கில் செலவழித்து மூட்டு மாற்றிக்கொண்ட அம்மாவின் கட்டிலருகே நிற்கும் படித்த பிள்ளைகளின் பேச்சும் இதேதான். ஆபரேஷன் ஆனது பச்சை உடம்பு, அது அசையக் கூடாது. எத்தனை நாள் படுக்கிறதோ அத்தனை சீக்கிரம் ஆறும். எழுப்பி நடக்கவிடுகிறவர்கள் ஈரமில்லாதவர்கள். இந்த நம்பிக்கை பாசத்தில் பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இது தவறு. ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

கால் அசையாமல் கிடந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேலேற, கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளிவிட வேண்டும். நடக்காதவர் காலில் அந்தத் தள்ளல் இல்லை, ரத்தம் தேங்குகிறது. அறுவை முடிந்த உடம்பில், வெட்டிய இடத்தைக் காப்பதற்காக, ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையும். இரண்டும் சேரும்போது காலின் ஆழ்ந்த நாளத்தில் ரத்தக்கட்டி உருவாகிறது. அது பெயர்ந்துபோய் நுரையீரல் குழாயை அடைத்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில நிமிடங்களில் போய்விடலாம். கால் நாளத்துக் கட்டி நுரையீரலுக்குப் போகும் வழியை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856 வாக்கிலேயே எழுதிவைத்துவிட்டார். ‘ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, திடீர்னு ஹார்ட் அட்டாக் வந்துட்டு’ என்று துக்க வீடுகளில் கேட்கிறோமே, அவற்றில் சில ஹார்ட் அட்டாக்காக இருந்திருக்காது. காலில் உருவான இந்தக் கட்டியாக இருந்திருக்கும்.

சிசேரியன் ஆன பெண்ணுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை அது நீடிக்கும். அவளைத்தான் நம் வீடுகளில் எல்லோரையும்விட இறுக்கமாகப் படுக்கவைக்கிறோம். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரையும் அளந்து கொடுக்கிறோம். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும் என்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை.

நுரையீரலின் கதையும் இதேபோலத்தான். மல்லாந்தே கிடப்பவர் ஆழமாக மூச்சிழுப்பதில்லை. வலிக்குப் பயந்து இருமுவதும் இல்லை. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா பிடிக்கிறது. இதைத் தடுக்கத்தான் மூன்று பந்து உள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுக்கிறார்கள். பல கட்டில்களில் அது கவர்கூடப் பிரிக்காமல் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பிரித்தவர்களும் ‘நல்லா ஊதுங்க, ஊதுங்க’ என்கிறார்கள். அது ஊதுவதற்கானது அல்ல. குழாயை வாயில் வைத்து மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் பந்து மேலே எழும்ப வேண்டும்.

தசையின் இழப்பு இன்னும் கொடுமை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966-இல் இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் அழைத்து மறுபடி சோதித்தார்கள். அவர்களின் உழைப்புத் திறனை முப்பது ஆண்டு மூப்பு குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. நோய்நொடி இல்லாத முதியவர்கள் பத்தே நாள் படுத்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்ததை 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் வீட்டு ஆச்சிக்கு அந்த ஒரு கிலோ என்பது கழிப்பறைக்குத் தானாகப் போய்வரும் பலம். ‘நடந்து வந்தவங்கள ஆபரேஷன் பண்ணி முடக்கிப் போட்டாங்க’ என்று மருத்துவரைத் திட்டுகிறோம். கத்தி எடுத்தது பித்தப்பையைத்தான். காலின் பலத்தை எடுத்தது நாம் விரித்த படுக்கை.

நம் பாட்டிகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு இதைக் கற்பித்ததே மருத்துவர்கள்தான். குடலிறக்க அறுவைக்கு மூன்று வாரம் படுக்கை என்பது 1940-கள் வரை மருத்துவமனைகளிலேயே இருந்த வழக்கம். சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மருத்துவர், வயிற்றில் அறுவை ஆனவர்களை ஓரிரு நாளில் எழுப்பி நடக்கவிட்டதைப் பற்றி 1899-இல் எழுதினார், கேட்பாரில்லை. டெட்ராய்ட்டில் டேனியல் லெய்தாசர் அதையே விடாப்பிடியாகச் செய்து 1946-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் கட்டில்கள் போதவில்லை. ஆட்களைச் சீக்கிரம் எழுப்ப வேண்டிய கட்டாயம் வந்தது. எழுந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். டொரன்டோவில் எர்ல் ஷோல்டைஸ் 1945-இல் தொடங்கிய மருத்துவமனையில் குடலிறக்க நோயாளிகள் அறுவை மேசையிலிருந்து இறங்கித் தாங்களே நடந்து போனார்கள். 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் பற்றியதுதான். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட், குடல் அறுவை ஆனவர்களையே அன்றைக்கே எழுப்பி, சீக்கிரம் சாப்பிடவைத்து, சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார். 1999-இல் லான்செட் இதழ், 15 வகை நோய்நிலைகளில் படுக்கை ஓய்வைச் சோதித்த 39 ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்டது. ஓய்வால் குறிப்பிடத்தக்க நன்மை ஒன்றில்கூடத் தெரியவில்லை. பலவற்றில் நிலைமை மோசமாகியிருந்தது. மருத்துவம் கைவிடத் தொடங்கி எண்பது ஆண்டு ஆனதை நாம் இன்னும் பாசத்தின் பெயரால் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, தையல் பிரியாதா? வயிற்றில் மேலே தெரிவது தோல் தையல். பாரத்தைத் தாங்குவது உள்ளே தசையுறையில் போட்ட தையல். நோயாளி எழுவார், நடப்பார், இருமுவார் என்று தெரிந்துதான் அறுவை மருத்துவர் அதைப் போடுகிறார். தையல் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் கிருமித்தொற்று, கட்டுக்கடங்காத சர்க்கரை, சத்துக்குறைவு, புகைப்பழக்கம், முக்கி மலம் கழிப்பது, பாரம் தூக்குவது போன்றவையே காரணம். நான்கடி நடந்தது அல்ல. படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழுந்தால்தான் வயிறு இழுக்கும். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். எழுந்ததும் சற்று உட்காரட்டும், தலைசுற்றல் அடங்கட்டும். இருமும்போது ஒரு தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள். நடப்பதற்கு அரைமணி முன்பு கொடுத்தால் நடை எளிதாகும்.

படுக்கையோடு ஒட்டிப் பிறந்தது பத்தியம். பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும், முட்டை கொடுத்தால் புண் ஆறாது, மீனும் கோழியும் கத்தரிக்காயும் கிட்டவே வரக்கூடாது என்பார்கள். மிஞ்சுவது கஞ்சி, பிரெட், டீ, இளநீர். சீழ் பருப்பிலிருந்து வருவதில்லை, கிருமியிலிருந்து வருகிறது. காயத்தைக் கார்பாலிக் அமிலத்தால் கழுவி இதை ஜோசப் லிஸ்டர் 1867-இல் காட்டியாயிற்று. புண் ஆறப் புரதம் வேண்டும். அறுவை ஆனவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.5 கிராம் புரதம் தேவை என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. இளநீரில் பெயருக்குத்தான் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, அதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு, எப்போது சாப்பிடலாம் என்று அவர் சொல்லிவிட்டாரோ அப்போதிலிருந்து பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் மருந்துதான். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து போட்ட ஊர்க்காரர்கள் நாம். ஆபரேஷன் என்றதும் மீனை விரட்டுவதற்கு என்ன நியாயம்?

எல்லா அறுவைக்கும் ஒரே விதி என்று நான் சொல்லவில்லை. உறுதிப்படாத முதுகெலும்பு முறிவு, சில தோல் ஒட்டு அறுவைகள், தொடை வழியாகக் குழாய் செலுத்திய பிறகு சில மணி நேரம் என்று, படுக்கத்தான் வேண்டிய நிலைகள் உண்டு. அந்த உத்தரவு மருத்துவரிடமிருந்து, எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடு வர வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவர்களிடமிருந்து வரக்கூடாது. மருத்துவமனைகளிலும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. முதுகில் மயக்க ஊசி போட்டால், தலைவலி வராமலிருக்க ஒரு நாள் முழுக்கத் தலையைத் தூக்கக்கூடாது என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அப்படிப் படுத்திருப்பது தலைவலியைத் தடுப்பதில்லை என்று காக்ரேன் குழு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டது. காலில் உணர்வும் பலமும் திரும்பிவிட்டதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மாநகராட்சி வார்டில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார்? பாஸ் வாங்கிக்கொண்டு கூட இருக்கும் அந்த ஒரே உறவினர்தான் நோயாளியைத் தேற்றுகிறவர். பிசியோதெரபி பெண் காலையில் வந்து ‘மாவ்ஷி, உட்டா, சலா’ (சித்தி, எழுந்திருங்க, நடங்க) என்கிறார். திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஆச்சிக்கு மராத்தியும் புரியாது, இந்தியும் புரியாது. நடுவில் நிற்கும் மகன் ‘ஆஜ் நஹி, கல் தேக்கேங்கே’ (இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்) என்று அனுப்பிவிடுகிறான். ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாத்ரூம் வரைக்குமாவது போகிறேன் என்றிருப்பார். பெட்பேன் வைத்துக்கொள்ள எந்த மனுஷிக்கும் கூசும். அந்தப் பெண் சொன்னதைத் தமிழில் சொல்லி, சலைன் ஸ்டாண்டை ஒரு கையிலும் ஆச்சியின் தோளை மறு கையிலும் பிடித்து வார்டின் கடைசிவரை கூட்டிப்போவது மகனின் வேலை. வீட்டில் நடக்க இடமேது என்று கேட்கலாம். குடிசைவாசிகளுக்கான பழைய புனர்வாழ்வுக் கட்டடங்களில் வீடு 225 சதுர அடி, 269 சதுர அடிதான். ஆனால் வாசலுக்கு வெளியே நீள வராந்தா இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை போய்வந்தால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இந்த நம்பிக்கையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். நம் பெண்களில் பலருக்கு ஆபரேஷன்தான் வாழ்க்கையில் கிடைக்கும் முதல் லீவு. அதனால்தான் அவர்களும் படுக்கச் சொன்னால் மறுப்பதில்லை. பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கவிடாத அதே வீட்டில், பதினைந்தாம் நாள் விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்ததும், கர்ப்பப்பை எடுத்த அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. காட்கோபர் மேற்கில் அசல்ஃபா குன்றின்மேல் வீடு என்றால் அதோடு படியும் ஏற வேண்டும். ஆறிவரும் புண்ணுக்கு மூன்றாம் வாரத்தில் இயல்பான பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆறாம் வாரத்தில்கூடப் பாதிதான். நடக்க வேண்டிய நாளில் படுக்கவைத்தோம். பாரம் தூக்கக் கூடாத நாளில் தூக்கவைத்தோம். பிறகு குடலிறக்கம் வந்தால் ‘அன்னைக்கே அவ ஒழுங்கா படுத்திருக்கணும்’ என்று பழியையும் அவள்மேலேயே போடுகிறோம்.

அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியது வேலையிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வீட்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த ஆறு வாரத்துக்குத் தண்ணீர் யார் பிடிப்பது, துணி யார் துவைப்பது, சிலிண்டரை யார் நகர்த்துவது, பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் யார் வைப்பது என்று பெயர் சொல்லி முடிவெடுங்கள். அவளை நடக்க விடுங்கள். குடத்தை நீங்கள் தூக்குங்கள்.