புத்தகம் போடப் போறீங்களா? நகையைத் தொடாதீங்க!

புத்தகம் போடுவது ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வேலை. அச்சாபீஸ் வேண்டும். காகிதம் வாங்கப் பணம் வேண்டும். பதிப்பாளரின் தயவு வேண்டும்.

இன்று அப்படி இல்லை. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு செல்போனும் இருந்தால் போதும். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கணவனும் மனைவியும் புத்தகம் போட்டு விடலாம்!

நல்ல காரியம். பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் இந்தப் பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுகிறவர்கள் பணத்தை மட்டும் இழப்பதில்லை. எழுதியதன் மீது உள்ள உரிமையையும் சேர்த்து இழக்கிறார்கள்.

சேலையில் ஆரம்பம்

பெரம்பூரிலோ குரோம்பேட்டையிலோ ஒரு ஜோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குச் சம்பளம் போதவில்லை. மனைவிக்கு வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்ய ஆசை.

முதலில் வாட்ஸ்-அப்பில் சேலை வியாபாரம். மொத்த வியாபாரி அனுப்பும் படத்தை, 100 ரூபாய் விலை ஏற்றிச் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதிகளுக்கும் அனுப்புவது. சரக்கு வாங்கி வைக்க வேண்டாம். கடை வாடகை கிடையாது.

கொஞ்ச நாள் ஓடும். அப்புறம்தான் தெரியும், அதே படத்தை அடுத்த தெருவிலும் நாலு பேர் அனுப்புகிறார்கள் என்று!

"என்னங்க, கலர் மாறிப் போச்சுன்னு மறுபடியும் ஒரு பார்சல் திரும்பி வந்திருக்கு."

"கூரியர் காசு?"

"போனதுதான்!"

அடுத்து யூ-டியூப் சமையல். அதற்கு அடுத்து, பிறர் கடைப் பொருளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கும் வேலை. ஒவ்வொன்றிலும் ஆறு மாதம். ஒவ்வொன்றிலும் கையைக் கடித்ததுதான் மிச்சம்.

கடைசியில் வருவது புத்தகம்.

"எல்லாத்துலயும் தோத்துட்டு இப்ப புஸ்தகமா?" என்று மாமியார் கேட்பார். அக்கம்பக்கம் சிரிக்கும்.

சிரிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த ஜோடி சும்மா இருக்கவில்லை. படம் எடுக்கக் கற்றுக்கொண்டது. நாலு வரியில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டது. கோபப்படுகிற வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டது. பார்சல் கட்ட, கணக்கு எழுதக் கற்றுக்கொண்டது. பெரிய எழுத்தாளர்கள் பலருக்கு இதில் ஒன்றுகூட வராது!

கேள்விதான் சரக்கு

எதைப் பற்றிப் புத்தகம் எழுதுவது? இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். வியாபாரத்தில் வாடிக்கையாளர்கள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்களோ, அதுதான் புத்தகம்.

சேலை வாங்கியவர்கள், "இதுக்கு ரவிக்கை எப்படி அளவெடுக்கறது?" என்று 50 பேர் கேட்டிருந்தால், ரவிக்கை அளவு பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். சமையல் படம் பார்த்தவர்கள், "சர்க்கரை உள்ளவங்க என்ன டிபன் சாப்பிடலாம்?" என்று கேட்டிருந்தால், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதை எழுதலாம்.

கேட்டவர்களின் போன் நம்பர் கையில் இருக்கிறது. எழுதும் முன்பே வாசகர்கள் யார் என்று தெரிகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

கதவு திறந்திருக்கிறது

2007-ல் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 'கிண்டில்' என்ற படிக்கும் கருவியைக் கொண்டு வந்தது. அதோடு, எழுதியவர்கள் தாங்களே புத்தகத்தை ஏற்றி விற்கவும் வழி செய்தது. 2016-ல் தமிழ்ப் புத்தகங்களும் கிண்டிலுக்கு வந்தன. ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது.

விலையில் 35 சதவீதம் அல்லது 70 சதவீதம் எழுதியவருக்கு. 99 ரூபாய்ப் புத்தகம் விற்றால், 35 சதவீதக் கணக்கில் சுமார் 35 ரூபாய். பதிப்பகம் மூலம் அச்சில் வந்தால் எழுதியவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 10 சதவீத அளவுதான். அதுவும் கேட்டு வாங்க வேண்டும்!

இங்கேயும் நிபந்தனை உண்டு. இந்திய விற்பனையில் 70 சதவீதம் வேண்டும் என்றால், அந்த மின்புத்தகத்தை வேறு எங்கும் விற்கக் கூடாது. 90 நாள் ஒப்பந்தம். நிறுத்தச் சொல்லாவிட்டால் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். படித்துப் பார்க்காமல் பொத்தானை அமுக்கக் கூடாது.

கணக்குப் பாருங்க

மின்புத்தகம் கொஞ்சம் விற்றதும் அடுத்த ஆசை வரும். "அச்சுல பார்க்கணும்!"

நியாயமான ஆசை. ஆனால் எடுத்த எடுப்பில் ஆயிரம் பிரதி அடிக்கலாமா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு.

ஒரு பிரதிக்கு 60 ரூபாய் செலவு என்று வையுங்கள். ஆயிரம் பிரதிக்கு 60 ஆயிரம் ரூபாய். விலை 150 ரூபாய். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு. கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு.

போட்ட முதல் திரும்ப 616 பிரதிகள் விற்க வேண்டும். அதற்கப்புறம்தான் முதல் லாபம்! ஆயிரமும் விற்றுத் தீர்ந்தால் மிச்சம் 37 ஆயிரம் சொச்சம். பார்சல் செலவு இதில் சேரவில்லை.

விற்காவிட்டால்? கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகப் புத்தகம். அடகுக் கடையில் வளையல். மாதா மாதம் வட்டி.

இப்போது ஒரு பிரதி, பத்துப் பிரதி கூட அச்சடித்துத் தருகிறார்கள். பிரதிக்கு விலை கூடுதல்தான். ஆனால் கட்டிலுக்கு அடியில் எதுவும் தூங்காது. முதலில் 30 பிரதி. விற்றால் இன்னொரு 30. சேலை வியாபாரத்தில் சரக்கு தேக்காமல் இருந்தவர்கள் புத்தகத்தில் மட்டும் ஏன் தேக்க வேண்டும்?

ஆசைக்கு விலையா?

பள்ளம் எங்கே என்று கேட்கிறீர்களா? இதோ!

"உங்கள் புத்தகத்தை உலகம் எங்கும் வெளியிடுகிறோம். பேக்கேஜ் இவ்வளவு ரூபாய். சான்றிதழ் உண்டு. மேடையில் பொன்னாடை உண்டு" என்று ஒரு போன் வரும். கூடவே நூறு பிரதியை எழுதியவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள்.

இவர்களுக்கு வாசகர் தேவையே இல்லை. எழுதியவர்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்! புத்தகம் விற்றாலும் லாபம். விற்காவிட்டாலும் லாபம்.

புத்தகங்களுக்குப் போடும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக்கூடச் சிலர் பணம் கேட்பார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசு அமைப்பு அதைக் கொடுக்கிறது. கம்ப்யூட்டரிலேயே மனு போடலாம்.

"பணம் போடாம ஒரு தொழில் நடக்குமா?" என்று கேட்கலாம். நடக்காது. பிழை திருத்துகிறவருக்குப் பணம் கொடுங்கள். அட்டை வரைகிறவருக்குக் கொடுங்கள். பக்கம் கட்டுகிறவருக்குக் கொடுங்கள். அச்சடிக்கிறவருக்குக் கொடுங்கள். வேலைக்குக் கூலி கொடுக்கலாம். ஆசைக்கு விலை கொடுக்கக் கூடாது!

லண்டன் ஜோடி

கணவன்-மனைவி சேர்ந்து புத்தகம் போடுவது புதுசு இல்லை. 1917-ல் லண்டன் பக்கம் ரிச்மண்டில் லெனார்டு உல்ப், வர்ஜீனியா உல்ப் என்ற தம்பதி 19 பவுன் சொச்சத்துக்கு ஒரு சின்னக் கை அச்சு எந்திரம் வாங்கினார்கள். சாப்பாட்டு அறையில் வைத்துத் தாங்களே எழுத்துக் கோத்தார்கள்.

முதல் புத்தகத்தில் இரண்டே கதைகள். கணவருடையது ஒன்று. மனைவியுடையது ஒன்று. அடித்தது எத்தனை பிரதி? ஆயிரமா? இல்லை. 150 தான்!

அந்த 'ஹோகார்த் பிரஸ்' பின்னால் பெரிய பதிப்பகமாக வளர்ந்தது. வர்ஜீனியா தன் நாவல்களை யாருடைய தயவும் இல்லாமல் அதிலேயே வெளியிட்டார். சின்னதாக ஆரம்பித்ததால் அது பிழைத்தது.

திருவல்லிக்கேணிக் கதை

இன்னொரு கதை நம்ம ஊரிலேயே இருக்கிறது.

1920-ல் மகாகவி பாரதியார் ஒரு திட்டம் போட்டார். 40 புத்தகங்கள். ஒவ்வொன்றும் 10 ஆயிரம் பிரதிகள். மொத்தம் 4 லட்சம்! அதற்காகக் கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார்.

அவர் மனைவி செல்லம்மாள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் கணவரின் பாடல்களைப் புத்தகமாகப் போட்டார். ஆனால் வறுமை விடவில்லை. நாளடைவில் பதிப்புரிமை செல்லம்மாளின் கையை விட்டுப் போனது. கை மாறி, கை மாறி, 1949-ல் அரசாங்கம் அதைப் பெற்றது. பிறகுதான் எல்லோருக்கும் பொதுவானது.

நாடே பாடிய பாட்டு. அந்தப் பாட்டின் உரிமை அந்த அம்மாளிடம் இல்லை! எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

கையெழுத்துக்கு முன்னால்

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்குச் சாதகமானது. எழுதியவுடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயுள் முழுவதும் உண்டு. அதற்கப்புறம் வாரிசுகளுக்கு 60 ஆண்டு.

உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது என்றால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால், 5 ஆண்டுதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் "நிரந்தரமாக" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. எத்தனை ஆண்டு? அச்சுக்கு மட்டுமா, மின்புத்தகத்துக்கும் சேர்த்தா? சினிமா எடுத்தால் யாருக்கு? இந்த மூன்றையும் கேட்காமல் பேனாவைத் திறக்கக் கூடாது.

ஒரு கடமையும் உண்டு. தாங்களே அச்சில் புத்தகம் வெளியிட்டால், 30 நாளுக்குள் சட்டப்படி நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அவற்றில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்த நூலகம். அங்கே ஒரு பிரதி இருக்கிறது என்றால், பேரன் பேத்தி வந்து பார்க்கலாம்!

குறுக்கு வழி வேண்டாம்

"செயற்கை அறிவைக் கேட்டால் ஒரே ராத்திரியில் பத்துப் புத்தகம் எழுதித் தரும்" என்று ஆசை காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் குவிந்துவிடுமோ என்று பயந்துதான், 2023-ல் அமேசான் ஒரு நாளைக்கு 3 புத்தகத்துக்கு மேல் புதிதாக ஏற்றக் கூடாது என்று வரம்பு கட்டியது. எந்திரம் எழுதியது என்றால் சொல்லியாக வேண்டும்.

மாமாவையும் மச்சானையும் விட்டு "பிரமாதம்" என்று விமர்சனம் போடச் சொல்வதும் அங்கே விதிமீறல். சேலையில் ஒரு தடவை ஏமாந்தவர் மறு தடவை வரமாட்டார். வாசகரும் அப்படித்தான்.

அட்டையில் யார் பேர்?

கடைசியாக, வீட்டுக்குள்ளேயே தீர்க்க வேண்டிய விஷயம்.

மனைவி எழுதியிருப்பார். கம்ப்யூட்டரில் ஏற்றியது கணவர். பணம் வரும் பாங்குக் கணக்கு கணவருடையது. சில வீடுகளில் அட்டையில் பெயரும் கணவருடையதாகி விடும்!

இது தப்பு. எழுதியவர் பெயர்தான் அட்டையில் இருக்க வேண்டும். இருவரும் எழுதினால் இரண்டு பெயர், உல்ப் தம்பதி மாதிரி. ஒருவர் எழுதி ஒருவர் விற்றால், லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கணவன்-மனைவிக்குள் கணக்கா என்று கேட்கக் கூடாது. கணக்கு இருந்தால்தான் சண்டை இல்லை.

ஆக, புத்தகம் போட நினைக்கும் ஜோடிகளுக்கு ஒரே அளவுகோல். காசு வாசகரிடம் இருந்து வர வேண்டும். எழுதியவரிடம் இருந்து போகக் கூடாது. உரிமையும் பேரும் எழுதியவரிடமே இருக்க வேண்டும்.

புத்தகம் விற்று நகை வாங்குங்கள். ஊரே மெச்சும்.

நகை விற்றுப் புத்தகம் போட வேண்டாம்!