வயிற்றைக் கட்டியவர்களும் வாயைக் கட்டாத நாமும்

பிள்ளைகளைச் சிரமப்பட்டுப் படிக்கவைத்தவர்களைப் பற்றி, "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தார்" என்போம். வயிற்றை உண்மையிலேயே கட்டுகிற வைத்தியம் ஒன்று உண்டு. அதுதான் கேஸ்ட்ரிக் பேண்ட் என்கிற இரைப்பை வளையம். பாரிஸ் பக்கம் குடியேறிய என் தங்கை மகள் இதைப் போட்டுக்கொண்டபோது, பிரெஞ்சுப் பெயரைத்தான் சொன்னாள்: 'அனோ கஸ்த்ரிக்'. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'அனோ' என்றதும் மோதிரம்தான் நினைவுக்கு வந்தது. வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்ற எண்ணத்தை அந்தச் சொல்லே தந்துவிடுகிறது. என் வாதமே இந்த எண்ணத்தைப் பற்றியதுதான்.

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்டுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கு அடியில் உள்ள சிறு குமிழுக்கு வரும். அதில் ஊசி வழியே உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். துளைவழி அறுவையாக இதை முதலில் 1993இல் பெல்ஜியத்தில் செய்தார்கள். 2001இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வெட்டு இல்லை, குடலைத் தொடுவதில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்ற மூன்று காரணங்களால் உலகெங்கும் பரவியது.

வருஷங்கள் ஓடின. கணக்கும் வெளியே வந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் 1994 முதல் 1997 வரை வளையம் போட்டவர்களில் 82 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பரிசோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 100க்கு 60 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டிருந்தது. 28 பேருக்கு வளையம் இரைப்பைச் சுவரையே அரித்து உள்ளே போயிருந்தது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் 2006 முதல் 2013 வரை வளையம் போட்ட சுமார் 25,000 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். வளையத்துக்காக அரசு செலவழித்த பணத்தில் ஏறக்குறைய பாதி, மறு அறுவைகளுக்கே போயிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். முதல் பில்லை மட்டும் காட்டி "மலிவு" என்று குறிப்பு எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

என் தங்கை மகளுக்கு முதல் சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு சாப்பிட்டது இறங்கவில்லை. இரண்டு வாய் இட்லிக்கே வாந்தி. படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். மென்மையான ஐஸ்கிரீமும் பாயசமும் மட்டும் இறங்கும், அதனால் எடையும் திரும்ப ஏறியது. ஊருக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "அவ்வளவு செலவழித்தும் வாயைக் கட்டத் தெரியவில்லையே!" அந்தப் பேச்சுக்குப் பயந்து, வாந்தியை இரண்டு வருஷம் மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். "நான்தான் தோற்றுப்போயிட்டேன்னு நினைச்சேன், மாமா" என்றாள். வளையம் நழுவியிருந்தது. அவள் தோற்கவில்லை.

வளையத்தை எடுத்துவிட்டு பைபாஸ் செய்தார்கள். இதய பைபாஸ் வேறு, இது வேறு. இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி 'ஒய்' எழுத்து வடிவில் அதோடு இணைப்பார்கள். முதல் தடவையே பைபாஸ் செய்துகொள்வதைவிட, வளையத்துக்குப் பிறகு செய்வது கடினம். வளையம் இருந்த இடத்தில் தழும்புத் திசு தடித்துப்போயிருக்கும். அதனால் பல நேரங்களில் முதலில் வளையத்தை எடுத்து, சில மாதம் புண் ஆறவிட்டு, பிறகே பைபாஸ் செய்கிறார்கள். அதன்பின் ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள், வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடுகிற புரூஃபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், இணைப்பில் புண் வரும். அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் "கழற்றிவிடலாம்" என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருந்ததை முதலில் யாரும் விரித்துச் சொல்லவில்லை.

இங்கே மாட்டுத்தாவணியில், பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் எடைக்குறைப்பு விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறேன். வளையத்தின் காலம் முடிந்துவிட்டது, இப்போது ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுப்பது. அதிலும் சிலருக்குக் கடுமையான நெஞ்செரிச்சல் வந்து பைபாஸுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. பலகையில் இரண்டாவது அறுவைக்கு இடமில்லை.

நான் அறுவைக்கு எதிரி அல்ல. சர்க்கரையும் மூச்சுத்திணறலும் சேர்ந்த கடும் உடற்பருமன் ஒரு நோய். அதற்கு வைத்தியம் வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, உடல் எடைக் குறியீடு 40க்கு மேல் இருந்தாலோ, சில கடும் நோய்களுடன் 35க்கு மேல் இருந்தாலோ காப்பீடு கேட்க வழியிருக்கிறது. ஆனால் வளையம் நழுவி வாந்தி எடுத்து எடை குறைந்துபோனவர் இரண்டாவது அறுவைக்கு விண்ணப்பித்தால், அந்த எண்ணைக் காட்டிக் கோப்பைத் திருப்பிவிடுவார்களா? இதை முதல் அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

மருத்துவரிடமும் கேளுங்கள்: பத்து வருஷம் கழித்து இதில் எத்தனை பேருக்கு மறு அறுவை ஆகிறது? அதுவரை என்னைக் கவனிக்கப்போவது யார்? பிரான்சில் 2009இலேயே, இத்தகைய அறுவை செய்துகொண்டவரை ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வந்துவிட்டது. நம் ஊரில் தையல் பிரித்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். வயிற்றைக் கட்டிக்கொண்டவர் மறுபடி மருத்துவமனைக்குப் போனால், நாம் வாயைக் கட்டிக்கொள்வோம். நம் பேச்சுக்குப் பயந்து ஒருவர் மறைக்கிற வாந்தி, அவர் உயிருக்கே உலை வைக்கலாம்.