வாத்தியார் பெயர் நிலைக்க என்ன செய்யலாம்?

"என் அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வரும் ஐப்பசியில் அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் அச்சடிக்கலாம் என்கிறார் அண்ணன். மரம் நடலாம் என்பது என் எண்ணம். எது நல்லது?"

- வாசகர், வெம்பக்கோட்டை வட்டாரம்

இரண்டும் நல்லதுதான். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு மலர் அச்சடிப்பது பெரிய காரியமில்லை. அதற்குள் என்ன போடுவது என்பதுதான் காரியம்.

'அன்பானவர், பண்பானவர், கடமை தவறாதவர்' என்று எழுதும் மலர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெயரை மாற்றினால் எந்த வாத்தியாருக்கும் பொருந்தும். உங்கள் அப்பா அதில் இருக்க மாட்டார்.

உங்கள் பக்கத்தில் வாத்தியார் வேலை பாடம் நடத்துவதோடு முடிந்ததில்லை. மழை பொய்த்தால் கரிசலில் பருத்தியும் இல்லை, சோளமும் இல்லை. அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரிந்தது தீப்பெட்டி ஆபீஸ் கூலியில்தான். பெரியவர்களோடு பிள்ளைகளும் குச்சி அடுக்கப் போனார்கள். விடியுமுன்னே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்துவிடும்.

விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. சோறு பல பிள்ளைகளை வகுப்புக்கு இழுத்து வந்தது. ஆனாலும் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல்தான் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில், ஆபத்தான வேலைக்குப் பிள்ளையை வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். அதற்கெல்லாம் முன்பே பல ஊர்களில் வீட்டு வாசலில் போய் நின்று, "பிள்ளையை அனுப்புங்கம்மா" என்று கேட்டவர் வாத்தியார்தான்.

உங்கள் அப்பா எத்தனை வாசலில் நின்றார்? எந்த வீட்டில் திட்டு வாங்கினார்? மலரில் வர வேண்டியது அதுதான்.

சாத்தூரில் தமிழாசிரியராக இருந்த தனுஷ்கோடி ராமசாமி 2005-ல் மறைந்தார். அவர் எழுதிய சிறுகதைகளும் 'தோழர்' நாவலும் இருக்கின்றன. எழுதி வைக்காத வாத்தியாருக்கு அவரிடம் படித்தவர்கள்தான் புத்தகம். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

ஒரு நோட்டு வாங்குங்கள். பழைய மாணவர்களைப் போய்ப் பாருங்கள். 'சார் எப்படி?' என்று கேட்காதீர்கள், 'நல்லவர்' என்று முடித்துவிடுவார்கள். 'சார் உங்கள் வீட்டுக்கு எப்போது வந்தார், என்ன சொன்னார்?' என்று கேளுங்கள். அவர் கூப்பிட்டும் பள்ளிக்கு வர முடியாமல் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவரை மறக்காதவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

அதற்கும் முன்னால் அம்மாவிடம் உட்காருங்கள். அப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கு வைத்துப் பாடம் சொன்ன மாலைகளில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது யார்? எவர் பிள்ளைக்கோ நோட்டு வாங்கிக் கொடுத்த மாதம் வீட்டை எப்படி ஓட்டினார்? வாத்தியார் கதையில் பாதி அம்மாவிடம்தான் இருக்கும். 'எங்களுக்கு அவருக்கு நேரமில்லை' என்ற மனத்தாங்கல் உங்களுக்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்போதுதான் அது உங்கள் அப்பாவாக இருக்கும்.

மரமும் நடுங்கள். கரிசலுக்கு வேம்பும் புங்கனும் ஒத்து வரும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்கும்படி புரட்டாசியிலேயே குழி வெட்டி ஆறப் போடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, ஐப்பசி மழையில் கன்றை வையுங்கள். பள்ளிக்கூடத்தில் என்றால் தலைமை ஆசிரியரிடமும், ஊருணிக் கரை என்றால் ஊராட்சியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு கடிக்காமல் முள்வேலி முக்கியம். அடுத்த இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்பதை நடும் முன்பே அண்ணனும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். பெயர்ப் பலகை பிறகு வைக்கலாம்.

மரத்துக்கு ஐப்பசி வரை பொறுக்கலாம். அம்மாவிடம் கேட்பதை அதுவரை தள்ளிப் போடாதீர்கள்.