பிரசவப் பயத்துக்குத் தெரிந்த குரலே மருந்து

முல்லைத்தீவின் தண்ணீரூற்றுக் கர்ப்பிணிக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரி தொலைவில்லை. கிளினிக்கில் நிறையும் பிரஷரும் பார்க்கிறார்கள். இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறார்கள். 'பிள்ளைப்பேற்றை நினைத்தால் எவ்வளவு பயம்?' என்ற கேள்வியும் அதே மேசையில் கேட்கப்பட வேண்டும். 2009இல் இறுதிப் போரின் எறிகணைகளுக்கு நடுவே தாய்மார் பிள்ளை பெற்றதைக் கண்ட சிறுமிகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைத் தணிக்க இணையவழிச் சிகிச்சை போதும் என்பவர்கள், அது சோதிக்கப்பட்ட நாடுகளின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும்.

சுவீடனில் பிரசவப் பயமுள்ள 258 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இணையவழி உளச்சிகிச்சை, மற்றவர்களுக்கு வழமையான ஆலோசனை. பிரசவம் நெருங்கியபோது இரு தரப்பின் பயத்திலும் பெரிய வேறுபாடு இல்லை; பாடங்களை ஒழுங்காகச் செய்து முடித்தவர்களும் குறைவு. இணைய வசதி மிகுந்த நாட்டிலேயே இந்த நிலை. அவுஸ்திரேலியாவிலோ, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் பயம் மிகுந்த பெண்களுடன் 24ஆம், 34ஆம் வாரங்களில் தொலைபேசியில் பேசினார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் பயம் குறைந்தது, பெற்றுவிடலாம் என்ற துணிவு கூடியது. சாதனம் எதுவானாலும், மறுமுனையில் பொறுப்போடு பேச ஒருவர் இருப்பதே முக்கியம் என்று இதிலிருந்து நான் கொள்கிறேன். வீட்டுப் படலை திறந்து வரும் குடும்பநல உத்தியோகத்தரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை என்பது உண்மை. ஆனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தொலைபேசி அழைப்பு தேவையில்லை. கடும் பயம் உள்ளவர்களுக்கு ஆறாம், எட்டாம் மாதங்களில் ஒவ்வொரு தடவை பேசினால் போதும். அதற்கான பயிற்சியையும் தொலைபேசிச் செலவையும் சுகாதாரத் திணைக்களமே ஏற்க வேண்டும். போன் கணவன் கையில், பக்கத்தில் மாமி, எப்படி மனம்விட்டுப் பேசுவது என்றும் கேட்கலாம். வீட்டு நிலைமை தெரிந்தவர் கிளினிக் நாளில் தனியே அழைத்துப் பேசுவார். செயலிக்கு அது தெரியாது. 'நாங்கள் பயமில்லாமலா பெத்தனாங்கள்?' என்பார்கள் மூத்தவர்கள். சாதாரணப் பயம் எல்லோருக்கும் உண்டு. நித்திரையைக் கெடுத்து, தேவையில்லாத சிசேரியனைக் கேட்க வைக்கும் பயம் வேறு. அத்தகையவர்களை மனநல வைத்தியரிடம் வீடியோ அழைப்பில் சேர்ப்பதுதான் இணையத்துக்குரிய வேலை. அந்த இணைப்பையும் குடும்பநல உத்தியோகத்தரே ஏற்படுத்திக் கொடுக்கட்டும்.