பூட்டி வைத்தால் படிப்பு வருமா?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால், பக்கத்தில் உள்ள இலத்தூரிலும் குளிர்ந்த காற்று வீசும். குளமும் வயலும் சூழ்ந்த ஊர் அது. தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டை வட்டத்தைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளில் பலர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள்.

இந்தப் பிள்ளைகள் படிப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் புதிய கருவிகள் வருகின்றன. சுவரில் பெரிய திரை, கம்ப்யூட்டர், ஆசிரியர் கையில் பலகை போன்ற கைக்கணினி! நல்ல காரியம்தான். ஆனால், வாங்கி வைத்தால் மட்டும் போதுமா?

"பழுதானால் யார் பதில் சொல்வது?" என்று பயந்து, கருவியைப் பூட்டி வைப்பவர்கள் உண்டு. படத்தை ஓடவிட்டு, மூலையில் உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டினாலும் பிள்ளைக்குப் பயன் இல்லை.

மணல் தந்த பாடம்

சென்னையில், ஆதரவற்ற பையன்களுக்கான ஒரு பள்ளியை 1789-ம் ஆண்டு முதல் நடத்தியவர் ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் படிப்பதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்தார். படித்த பையன், படிக்காத பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படியும் ஏற்பாடு செய்தார். 1797-ல் லண்டனில் இதைப்பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பரவியது.

மணலுக்கு என்ன விலை? ஒன்றும் இல்லை! பிள்ளையின் விரல் அசைந்தது, வாய் சொன்னது, அதனால் பாடம் மனதில் பதிந்தது. விலை உயர்ந்த திரைக்கும் இதே விதிதான். கண் மட்டும் பார்த்தால் அது வேடிக்கை. கையும் வாயும் சேர்ந்தால்தான் அது படிப்பு.

ஏழைப் பிள்ளையின் திரை

2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தன. இடையில் செல்போனிலும், 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியிலும் பாடம் நடந்தது. போன் உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றால், மூன்று பிள்ளைகள் எதைப் பார்ப்பது?

அந்தப் பிள்ளைக்குப் பள்ளித் திரை ஒன்றுதான் கதி. அதையும் பூட்டி வைப்பது நியாயமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, முன்தினமே தயாராக வேண்டும். சாரல் காலத்தில் காற்று பலமாக அடித்தால் மின்சாரம் போகலாம். இண்டர்நெட்டும் கிடைக்காமல் போகலாம். ஆகவே, வேண்டிய படத்தை முதல் நாளே இறக்கி, கருவியில் பதிந்து வைப்பது நல்லது. ஆசிரியர் அதை ஒரு தடவை முழுவதும் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் போனால் கைகொடுக்கக் கரும்பலகை இருக்கிறது.

இரண்டாவது, நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும். மூன்று நிமிடம் ஓடட்டும். பிறகு நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கலாம். பார்த்ததைச் சிலேட்டில் வரையச் சொல்லலாம். தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளைக்குச் சொல்லட்டும்.

மூன்றாவது, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் எழுத்து தெரியாது. ஒரு திரைச்சீலை போதும், குறை தீர்ந்துவிடும். கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நான்காவது, சாதாரணச் செல்போனே பெரிய உதவி. பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து, அதற்கே போட்டுக் காட்டலாம். தன் குரலைக் கேட்ட பிள்ளை, தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும். பிறகு அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கறுப்புக் கட்டங்களாக ஒரு முத்திரை இருக்கும். கியூ.ஆர். கோடு என்பது அதுதான். போனில் உள்ள காமிரா வழியாக அதைப் படிக்கச் செய்தால் பாடப் படம் வரும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் செய்து காட்டினால், வீட்டிலும் பயன்படும்.

ஐந்தாவது, கருவியைக் காக்க வேண்டும். துடைக்கும்முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உலர்ந்த மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும். இடி மின்னல் வருமுன் வயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை

ரகசியச் சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டக்கூடாது; ஒருவர் மனதில் மட்டும் இருப்பதும் தவறு. தலைமை ஆசிரியரின் பொறுப்பில், பூட்டிய அலமாரியில் எழுதி வைக்கலாம். பூட்ட வேண்டியது அதைத்தான்! பிள்ளைகளின் படத்தையும் விவரத்தையும் கண்ட இடத்தில் அனுப்பக்கூடாது. போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

மேல் அதிகாரிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதிலேயே ஆசிரியரின் நேரம் போய்விட்டால், பாடம் நடத்துவது யார்? கருவி பழுதானால் ஆசிரியரைக் குற்றவாளி ஆக்குவதும் முறை அல்ல. பழுது பார்க்க வழி செய்ய வேண்டும். அப்போதுதான் பயம் நீங்கும், பூட்டும் திறக்கும்.

2023-ல் தமிழ்நாடு அரசு பாடப் படங்களுக்காக ஒரு செயலியை வெளியிட்டது. அதற்கு "மணற்கேணி" என்று பெயர். தோண்டத் தோண்ட நீர் ஊறும் கேணியைத் திருவள்ளுவர் கல்விக்கு உவமை சொன்னார். தோண்டாத கேணியில் நீர் ஏது? உறை போட்டு மூடிய திரையில் படிப்பு ஏது?

கருவி பழுதானால் சரி செய்யலாம்; வேறு வாங்கலாம். பிள்ளை படிக்க வேண்டிய வயது போனால் திரும்ப வராது.