கடிபட்ட ஆப்பிளும் தற்குறிப்பேற்றமும்

மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோவடிகளோ, கோவலனையும் கண்ணகியையும் உள்ளே வரவேண்டாம் என்று அவை தடுப்பதாகக் காண்கிறார். இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதைத் தற்குறிப்பேற்ற அணி என்று வகுப்பில் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். கொடிக்கு உண்மையில் அந்த எண்ணம் இல்லை என்பது பாடியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். அந்த அறிதலே அணியின் அழகு. அறிதல் மறைந்து குறிப்பு மட்டும் எஞ்சினால் என்னவாகும்? வணிக நிறுவனங்களின் இலச்சினைகளைப் பற்றி உலவும் கதைகள் அதற்கு விடை தருகின்றன.

அவற்றுள் புகழ்பெற்றது ஆப்பிள் நிறுவனத்தின் கதை. கணினியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆலன் டூரிங், தற்பால் உறவுக்காக 1952-இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். 1954 ஜூனில் சயனைடு நஞ்சால் இறந்தார். படுக்கையருகே பாதி உண்ட ஆப்பிள் ஒன்று கிடந்தது. ஆப்பிள் இலச்சினையின் கடி அதைக் குறிக்கிறது. பழைய இலச்சினையின் வண்ணப் பட்டைகள் தற்பாலினரின் வானவில் கொடியைக் குறிக்கின்றன என்பர்.

கேட்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் அது உண்மையன்று. 1977-இல் இலச்சினையை வரைந்த ராப் ஜேனாஃப், டூரிங்கைத் தாம் நினைக்கவில்லை என்று கூறியிருக்கிறார். சிறிய அளவில் அச்சிட்டால் பழம் செர்ரியாகத் தோன்றிவிடக்கூடாது என்பதற்காகவே கடியை வைத்தாராம். பட்டைகள், அந்நிறுவனத்தின் கணினி வண்ணங்களைக் காட்டவல்லது என்பதற்காக. வானவில் கொடி முதன்முதலில் சான்பிரான்சிஸ்கோவில் பறந்ததோ 1978-இல். இலச்சினைக்கு அடுத்த ஆண்டு. இன்னொன்றையும் நோக்க வேண்டும். டூரிங்கின் படுக்கையருகே கிடந்த ஆப்பிளில் நஞ்சு இருந்ததா என்று எவரும் சோதிக்கவேயில்லை. ஆக, ஐயத்துக்குரிய ஓர் ஆப்பிளின்மேல் தற்செயலான மற்றோர் ஆப்பிளை அடுக்கியிருக்கிறோம்.

அழகான பொய்யால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். இதே கற்பனை வேறோர் இடத்தில் செய்ததைப் பார்ப்போம். புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் பழைய இலச்சினையில் பிறைநிலா முகமும் பதின்மூன்று விண்மீன்களும் இருந்தன. விண்மீன்கள் அமெரிக்காவின் ஆதிக் குடியேற்றங்கள் பதின்மூன்றைக் குறித்தவை. நிலா முகத்தின் தாடிச் சுருளில் 666 என்னும் விவிலிய விலங்கின் எண்ணைச் சிலர் கண்டனர். நிறுவனம் சாத்தானை வழிபடுகிறது என்ற வதந்தி பரவியது. 1985-இல் பொதிகளிலிருந்து இலச்சினையை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. அவ்வதந்தியைப் பரப்பியதற்காகப் போட்டி நிறுவனமொன்றின் முன்னாள் விற்பனையாளர் நால்வர் 1 கோடியே 92½ இலட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என 2007-இல் அமெரிக்க நடுவர் குழு தீர்ப்பளித்தது. டூரிங்கைக் கண்ட கண்ணும் சாத்தானைக் கண்ட கண்ணும் ஒன்றே. ஒன்று அன்பால் கண்டது, மற்றொன்று அச்சத்தால் கண்டது என்பதே வேறுபாடு.

வட்டம், பிறை, விண்மீன், சிலுவை, சுருள் என மனிதக் கை வரையும் எளிய வடிவங்கள் சிலவே. அவை ஒன்றையொன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை. 'மக்கள் ஏற்றிய பொருளும் பொருள்தானே' எனலாம். ஏற்கிறோம். சுவீடனின் ஆசியா என்னும் மின்பொறி நிறுவனம் சுவஸ்திகத்தைத் தன் இலச்சினையாகக் கொண்டிருந்தது. ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைப் பிடித்த 1933-இல் அதைக் கைவிட்டது. அதன் தோற்றத்தில் குற்றமில்லை. ஆனால் காண்பவர் மனத்தில் பொருள் மாறிவிட்டது. பின்னர் வந்துசேர்ந்த பொருளை மதிப்பது வேறு, அதையே தொடக்கத்தின் நோக்கமாக எழுதிவைப்பது வேறு. முன்னது வாசிப்பு, பின்னது பொய்ச்சான்று.

டூரிங்குக்கு நேர்ந்த கொடுமைக்காகப் பிரிட்டிஷ் பிரதமர் 2009-இல் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் ஐம்பது பவுண்டு தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. இவை தாமாக நிகழ்ந்தவையல்ல. பலர் கேட்டுப் பெற்றவை. உலகம் 1977-இலேயே அவருக்கு இரகசியமாக அஞ்சலி செலுத்திவிட்டது என்ற கதையோ, ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீண்ட அந்த மௌனத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. கடிபட்ட ஆப்பிளைக் காணும்போது டூரிங்கை நினைப்போம், தவறில்லை. அந்த நினைவு நம்முடையது, ஆப்பிளுடையதன்று என்பதை மட்டும் மறவாதிருப்போம்.