கேக் உபயம் போதும், ராத்திரி தங்க ஆள் வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுசா படிச்சுட்டு கோபப்படுங்க.

அடுத்த பள்ளி விடுமுறையில சிறப்புத் தேவை உள்ள பெரியவங்களுக்கு 4 நாள் முகாம் நடக்கப் போகுது. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவங்க. 20 வயசுல இருந்து 50 வயசு வரைக்கும் இருக்காங்க. சில வருஷமா நான் இதுல தொண்டு செய்யறேன். கோயில் வாட்ஸ்அப் குழுவுல தகவல் போட்டேன். அரை மணி நேரத்துல அரிசி வந்துடுச்சு, மைலோ வந்துடுச்சு, ரெண்டு பேர் கேக் உபயம் எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி. அப்புறம், "ராத்திரி தங்க ஆள் வேணும், முக்கியமா ஆம்பளைங்க வேணும்"னு போட்டேன். கை கூப்புற படம் பதினஞ்சு வந்துச்சு. ஆள் ஒருத்தரும் வரல.

நம்மகிட்ட ஆள் இல்லைன்னு யாரும் சொல்லாதீங்க. தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயில்ல இருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்பட்டா, வழி நெடுக தண்ணீர்ப் பந்தல். விடிய விடிய கண் முழிச்சு மோர் ஊத்தறாங்க நம்ம பசங்க. கிள்ளான்ல பெருமாள் கோயில் புரட்டாசி சனிக்கிழமைக்கு எவ்வளவு கூட்டம்! உழைக்கறதுக்கு நாம சளைச்சவங்க இல்ல. ஆனா பந்தல்ல ஒரு கப் மோர் கொடுக்க ஒரு நொடி போதும், பேரைக் கேட்க வேண்டியதில்ல. முகாம்ல ஒரு மனுஷனோட 4 நாள் கூடவே இருக்கணும். சட்டை மாத்தி விடணும், கழிவறைக்குக் கூட்டிட்டுப் போகணும், அவர் ஒரு வார்த்தை சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம் பொறுமையா காத்திருக்கணும். அங்கதான் நம்ம பக்தி பின்வாசல் வழியா நழுவிடுது.

பிறந்தநாள், திவசம்னா இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டு போறோம். நல்ல விஷயம். போய் என்ன செய்யறோம்? அவங்கள வரிசையா உட்கார வெச்சு, "பாட்டுப் பாடு பாப்பா"ன்னு சொல்லி, போட்டோ எடுத்து, அன்னிக்கு ராத்திரியே பேஸ்புக்ல போடறோம். அந்தப் "பாப்பா"வுக்கு 42 வயசு. அந்த முகத்தைப் போட அவங்ககிட்ட கேட்டோமா? தீபாவளி வாரத்துல ஒரே நாள்ல மூணு குடும்பம் பிரியாணி கொண்டு வருது. அடுத்த மாசம் அந்த வாசல்ல ஒரு செருப்பு கிடக்காது.

இன்னொண்ணு. "போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சதோ"ன்னு அந்த அம்மா காதுல விழற மாதிரி சன்னதியிலேயே பேசறாங்க நம்ம ஆட்கள். அடுத்தவங்க கர்மக் கணக்கைப் பார்க்கச் சொல்லி முருகன் யாருக்கும் பேனா கொடுக்கல. அந்த அம்மா என்ன வேண்டிக்கிறாங்க தெரியுமா? "எனக்கு ஒரு நாள் முன்னாடி இவனைக் கூப்பிட்டுக்கோ." பெத்த தாய் இப்படி வேண்டிக்கிற நிலைமைதான் நம்ம சமூகத்தோட நிலைமை. பதின்ம வயசு முடியறதோட சிறப்புக் கல்வி வகுப்பும் முடிஞ்சிடுது. நலத்துறையோட பி.டி.கே. மையங்கள் 1984ல திரங்கானுவுல ஆரம்பிச்சு இன்னிக்கு நாடு முழுக்க இருக்கு, ஆனா அதுவும் பகல்ல சில மணி நேரம்தான். மத்த நேரமெல்லாம் 70 வயசு அம்மா, 40 வயசு மகன், நாலு சுவர். அந்த அம்மா 4 ராத்திரி நிம்மதியா தூங்கறதுக்கும் இந்த முகாம் வேணும்.

மகனுக்கு அது அதை விடப் பெருசு. அமெரிக்காவுல நியூயார்க் மாநில மலைப்பகுதியில கேம்ப் ஜெனட்னு ஒரு கோடை முகாம் இருந்துச்சு, 1951ல தொடங்கினது. மாற்றுத்திறனாளி இளைஞர்கள் அங்க விளையாடினாங்க, சண்டை போட்டாங்க, சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு தாங்களே பேசி முடிவெடுத்தாங்க. அங்க போய் வந்தவங்கள்ல ஒருத்தர் ஜூடித் ஹ்யூமன். 1977ல அவரும் கூட்டாளிகளும் சான் பிரான்சிஸ்கோ அரசாங்கக் கட்டடத்துக்குள்ள மூணு வாரத்துக்கு மேல உட்கார்ந்து போராடி, தங்களுக்கான உரிமை விதிகள்ல கையெழுத்து வாங்கினாங்க. "உனக்கு என்ன வேணும்?"னு ஒரு முகாம் கேட்ட கேள்வி எவ்வளவு தூரம் போச்சு பாருங்க. நம்ம நாட்டுலயும் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பண்பாட்டு வாழ்க்கை, பொழுதுபோக்கு, விளையாட்டு எல்லாத்தையும் அவங்க உரிமைன்னுதான் சொல்லுது. உரிமையா இருக்கறதை நாம புண்ணியக் கணக்குல எழுதிக்கிட்டு இருக்கோம்.

சட்டத்தை விடுங்க. நம்ம அறுபத்து மூவர்ல தண்டியடிகள் நாயனார் இருக்கார். திருவாரூர்ல பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயில் குளம் தூர்ந்து போச்சுன்னு தானே தோண்டினார். குழியில ஒரு கம்பு, கரையில ஒரு கம்பு, நடுவுல கயிறு. கயிற்றைத் தடவிக்கிட்டே மண் சுமந்து கொட்டினார். பக்கத்துல இருந்தவங்க கேலி பண்ணி, கம்பையும் கயிற்றையும் பிடுங்கிப் போட்டாங்க. நாம சமய வகுப்புல கடைசியில அவருக்குக் கண் கிடைச்ச அதிசயத்தை மட்டும் அழுத்திச் சொல்றோம். ஆனா அவர் தொண்டு செஞ்சது கண் கிடைக்கறதுக்கு முன்னாடி! அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கயிறு, அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ்ல மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கு. வெள்ளைக் கோலோட எத்தனையோ பேர் தினமும் நம்ம கோயில் வாசலைத் தாண்டி வேலைக்குப் போறாங்க. அவங்கள்ல எத்தனை பேர் நம்ம தொண்டர் பட்டியல்ல இருக்காங்க? நம்ம முகாமுக்கு வர்ற ஒருத்தர் பூ தொடுத்தார்னா விரல்ல கணக்கு தப்பாது. இன்னொருத்தர் வாழையிலை துடைச்சு அடுக்கினா ஒரு கிழிசல் இருக்காது. நாம அவங்கள பந்தியில உட்கார வெக்கிறோம், பரிமாற ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. கயிற்றைப் பிடுங்கினவங்க திருவாரூர்ல மட்டும் இல்ல.

"சத்தம் போடுவாங்க, சன்னதியில இடைஞ்சல்"னு சொல்றவங்களுக்கு: தவிலும் மணியும் முழங்கற இடத்துல ஒரு குரல் கூடக் கேட்டா சாமி எழுந்து போயிடாது. உண்மையில அந்தச் சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிறது ஆட்டிசம் உள்ளவங்கதான். மாசத்துல ஒரு காலை, கூட்டமில்லாத நேரத்துல, மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாம ஒரு அர்ச்சனை வெச்சா என்ன குறைஞ்சிடும்?

"எங்களுக்குப் பயிற்சி இல்லையே"ன்னு கேட்கறீங்களா? முகாமுக்கு முந்தின ஞாயிறு அரை நாள் சொல்லிக் கொடுக்கறாங்க. தூக்கறது எப்படி, வலிப்பு வந்தா என்ன செய்யணும், எப்போ தாதியைக் கூப்பிடணும், எல்லாம். புதுசா வர்றவங்க பழைய தொண்டரோட ஜோடியாத்தான் இருப்பாங்க. யாரையும் தனியா விட மாட்டோம்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: உபயப் பட்டியல்ல பால், பூ, அன்னதானத்துக்குப் பக்கத்துல "4 நாள் ஆள் உபயம்"னு ஒரு வரி சேருங்க. பக்தர்களுக்கு: கேக் வேண்டாம், நீங்க வாங்க. வந்தா அவரை அண்ணான்னு கூப்பிடுங்க, அக்கான்னு கூப்பிடுங்க. போன் பையிலேயே இருக்கட்டும்.

ஆம்பளைங்க இன்னும் 6 பேர் வேணும். கை கூப்புற படம் வேண்டாம், உங்க பேரைப் போடுங்க.

வேலும் மயிலும் துணை.